சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அரைத்த வெள்ளி

காபி நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். கோகுல்நாத்தாக இருந்தால் இன்னும் இரண்டு கரண்டி சர்க்கரை கேட்டிருப்பான்.

நான் ராஜபாண்டி, வாடிப்பட்டிக்காரன். சமயநல்லூர் பக்கத்துக் கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி மாணவன். பழங்காநத்தத்துக் கோகுல் எனக்குப் பக்கத்து மேசை, உயிர்த்தோழன். 2006இல் நான் ஒன்று கண்டுபிடித்தேன். வெள்ளி உப்பையும் சர்க்கரைப் பொடியையும் பீங்கான் டப்பாவில் போட்டு, பீங்கான் குண்டுகளோடு சுழலவிட்டால் போதும். தண்ணீர் வேண்டாம், ஸ்பிரிட் வேண்டாம். கண்ணுக்கே தெரியாத நானோ வெள்ளி, காபிப் பொடி நிறத்தில் வந்து நிற்கும். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வாடிப்பட்டி வரைக்கும் பாடிக்கொண்டே சைக்கிள் மிதித்தேன்.

கருத்தரங்கில் அதை மருந்தாக்கலாம் என்று சொன்னபோது கோகுல் எழுந்தான். "மாப்ள, தண்ணியில்லாம அரைச்சது வெறும் மாவு. முழுங்குனாலும் ஒடம்புல ஒட்டாது, அப்படியே வெளிய வந்துரும்."

கூடமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'மாவு மில்லு'. கோபமெல்லாம் இல்லை சார். கேள்வி நியாயமானது. கேட்டவனுக்கே பதில் காட்டுவதுதானே மரியாதை?

ஆய்வகத்தில் பதினோரு மணிக் காபி போடுவது என் வேலை. அவனுக்கு மூன்று கரண்டி சர்க்கரை. என் பொடியிலும் பாதி சர்க்கரைதானே. ஒரு கரண்டியை மட்டும் மாற்றினேன்.

"என்ன மாப்ள, கசக்குது?"

"கடைக்காரன் தூளை மாத்திட்டான்டா."

பதினாலாவது மாதம் அவன் ஈறு நீலம் பூத்தது. கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு குதித்தேன் சார், அப்படி ஒரு சந்தோஷம். உடம்பில் சேர்ந்த வெள்ளி வெயில் பட்டால் கறுக்கும். நம்மூர்ச் சித்திரை வெயில் அவன் முகத்தைச் சிலேட்டு நிறமாக்கியது. சட்டைக்குள் மட்டும் பழைய நிறம். பஸ்ஸில் பிள்ளைகள் கிருஷ்ணர் வேஷம் என்றன. இதயக் கோளாறோ என்று அவன் டாக்டர் டாக்டராக அலைந்தான். கூடப் போனது நான்தான். ஒரு டாக்டருக்கும் பிடிபடவில்லை.

அவனுக்கு நிச்சயமாகியிருந்த ஸ்ரீவர்ஷினியின் வீட்டார் கல்யாணம் வேண்டாமென்று சொல்லியனுப்பினார்கள். அன்று என் தோளில் சாய்ந்து அழுதான். "நீ மட்டுந்தான் மாப்ள என்னைய விட்டுப் போகல."

என் கைக்குட்டையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டேன். மறுநாள் காபியில் வழக்கம்போல ஒரு கரண்டி.

அந்த நிறம் இனிப் போகாது சார், ஆயுசுக்கும் இருக்கும். ஒட்டாது என்றானே!

எல்லாவற்றையும் கட்டுரையாக எழுதி ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தேன். போன வாரம் அங்கிருந்து கடிதம். கட்டுரை பிரமாதம், ஆனால் பொடியைச் சாப்பிட்டவர் சம்மதித்துக் கையெழுத்திட்ட தாள் வேண்டுமாம். தாளோடு நேரே பழங்காநத்தம் போனேன். கோகுல் அதை இரண்டு தடவை படித்துவிட்டு அம்மாவிடம் நீட்டினான். அவன் அம்மா ராதாமணிதான் உங்களுக்குப் போன் செய்தார்கள்.

ஆமாம், நான்தான் கலந்தேன். பதினெட்டு மாதம், ஞாயிறும் தீபாவளியும் தவிர. எழுதிக்கொள்ளுங்கள். கட்டுரையில் இரண்டாவது பெயராக அவனையும் சேர்த்திருக்கிறேன். அந்தத் தாள் அவன் வீட்டு மேசையிலேயே கிடக்கிறது. என் மேல் ஏதோ வருத்தம் போல, நான் சொன்னால் கேட்கமாட்டான். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கையெழுத்துப் போட்டுவிடுவான், சார்.