தடிமனான ஜோடி யாருக்கு

– பேசாம இந்த கிளவுஸ் ஜோடிய எடுத்துக்கோ. அனுபவம் பேசுது. அஞ்சு அடுக்கு, உள்ள கம்பளி, மணிக்கட்டு வரைக்கும் தோல். எரிமலைக்குள்ள கைய விட்டாலும் ஒண்ணும் ஆகாது.

– நான் ஏறப் போறது பனிமலை அத்தான். எரிமலைக்கு வேற நாள் பாத்துக்கலாம்.

– கிண்டல் பண்ணு டாக்டரம்மா. நாள் பூரா பனிக்கோடாரியப் பிடிச்சிருக்கும்போது தெரியும்.

– பிடிக்கறதுலதான சிக்கலே. இதைப் போட்டா கையில கோடாரி இருக்கா இல்லையான்னே தெரியல. தலையணையோட கை குலுக்கற மாதிரி இருக்கு. அண்ணே, அந்த மெல்லிசக் குடுங்க. உள்ளங்கை பசை மாதிரி ஒட்டுமே, அது.

– இத கிளப் மாடியில பயிற்சிக்குத்தான் டாக்டர் வாங்குவாங்க. பனியே இல்லாம பலகையிலயும் கல்லுலயும் கோடாரிய மாட்டித் தொங்குறாங்களே, அதுக்கு. கடைக்காரன் நான், எனக்கு நீங்க ரெண்டையும் வாங்கினா சந்தோஷம்.

– கேட்டுக்கோ. மாடியில தொங்கறது விளையாட்டு, மலை வேற. மலையேற்ற கிளப் தலைவன்ங்கிற முறையில சொல்றேன்.

– வருஷம் பூரா சாயங்காலம் பல் கிளினிக்கை மூடிட்டு அந்த மாடியிலதான் வௌவால் மாதிரி தொங்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? மாடியில குளிர் கிடையாது, பிடி இருந்தாப் போதும். மலையில ரெண்டும் வேணும். பாதி பாறை, பாதி பனிக்கட்டி. வெடிப்பப் பாத்துக் கோடாரி முனைய மாட்டணும், கயிறை வளையத்துல கோக்கணும். தடிமனாப் போட்டா இறுக்கி இறுக்கிப் பிடிச்சே முன்னங்கை கல்லாயிடும்.

– அதெல்லாம் முதல்ல ஏறுறவன் கவலை. நீ பின்னால வர்றவ. மேலேர்ந்து நான் கயிறைப் பிடிச்சிருப்பேன். உனக்கு வேண்டியது கதகதப்பு.

– ஞாயித்துக்கிழமை முதல்ல ஏறப் போறது நான். போன மாசமே சொல்லிட்டேன்.

– நீ சொன்ன. நான் ஒத்துக்கலையே. நாளைக்கு ஒண்ணுன்னா உங்க அக்காவுக்கு நான்ல பதில் சொல்லணும்.

– அக்காவ இழுக்காதீங்க. போன குளிர்காலம் மலையோட கடைசிச் செங்குத்துச் சுவத்துக்கு அடியில போய் நின்னுட்டுத் திரும்பினோமே, ஏன்?

– வானிலை.

– வானம் கழுவி விட்ட மாதிரி இருந்துச்சு.

– உன் கண்ணுக்கு. மலை பேசுற பாஷை அனுபவசாலிக்குத்தான் புரியும்.

– என்ன சொல்லுச்சு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடச் சொல்லுச்சா?

– டாக்டர், உத்தரத்துல கோடாரி மாட்டி வெச்சிருக்கேன், தொங்கிப் பாத்தே வாங்குங்க. பேச்சுக்கு எல்லா கிளவுஸும் நல்லாத்தான் இருக்கும்.

– முதல்ல அத்தானோட அஞ்சடுக்கு. ம்... நழுவுது. போச்சு. இப்ப மெல்லிசு. பாருங்க அத்தான், ஒத்தக் கையில தொங்கிட்டே உங்களோட சண்டை போடறேன். ஆனா அண்ணே, மலைக் குளிருக்கு இது தாங்காது.

– இதே உள்ளங்கைதான், புறங்கையில மட்டும் கம்பளி வெச்சது ஒண்ணு இருக்கு. இந்தாங்க, போட்டுட்டு இந்தக் கயிறு கோக்கற வளையத்தத் திறந்து பாருங்க.

– திறக்க வருது. தொங்கவும் வருது. சரி, அந்த மெல்லிசு மாடிக்கு, இது மலைக்கு. நீங்களும் ஒரு தடவ தொங்குங்களேன் அத்தான்.

– இந்த வாரம் எனக்குத் தோள்பட்டை சரியில்ல.

– அங்கயும் வானிலையா?

– உன்னோட வாயாட முடியாது. சாட்சி காட்டறேன், பாரு. என் பழைய கிளவுஸ். இத்தன வருஷமா நான் ஏறின மலையெல்லாம் இதுக்குத் தெரியும். கண்காட்சியில வெக்கக் கேட்டாங்க.

– யாரு கேட்டா?

– கேக்கறதா இருந்தாங்க.

– குடுங்க. விளக்குக்குக் கீழ வெச்சுப் பாக்கறேன்.

– பல்லப் பாக்கற மாதிரி பாக்காத.

– அப்படித்தான் பாக்கறேன். வாய் என்ன கதை வேணா சொல்லட்டும், பல்லு தேஞ்சிருக்கறதப் பாத்தா எந்தப் பக்கம் மெல்லுறாங்கன்னு தெரிஞ்சிடும். அண்ணே, மேசை மேல என் பழைய ஜோடி இருக்கு பாருங்க. ஒரு வருஷம்தான் ஆச்சு. கோடாரி பிடிச்ச கை கல்லுல இடிச்சு இடிச்சு விரல் முட்டியெல்லாம் பிஞ்சு போச்சு. சுண்டுவிரல் பக்கம் ஓட்டை. இப்ப அத்தானோடதப் பாருங்க.

– முட்டி புதுசா இருக்கே டாக்டர். நேத்து வித்த மாதிரி.

– நான் நாசூக்கா ஏறுவேன்யா.

– உள்ளங்கையத் திருப்புங்க அண்ணே.

– அடேயப்பா. குறுக்க ஒரே கோடா கருகி வழவழன்னு ஆயிருக்கு. கயிறு ஓடின தடம் இது.

– கீழ நின்னு அடுத்தவனுக்குக் கயிறு பிடிக்கறவன் கையில வர்ற கோடு. அதே எடத்துல ஒட்டு மேல ஒட்டு வேற போட்டிருக்கு.

– கடைய மூடப் போறாங்க, கிளம்பலாமா?

– மூட இன்னும் நேரம் கிடக்கு சார்.

– உங்கிட்ட யாருய்யா இப்ப அபிப்பிராயம் கேட்டது?

– அவர விடுங்க அத்தான். அந்தச் சுவர் வரைக்கும் நாம நடந்தேதான் போனோம். ஒருத்தர் முதல்ல ஏற வேண்டிய எடம் அது ஒண்ணுதான். மலை அங்க மட்டும் ஏன் உங்ககிட்ட வாயத் திறந்து பேசுச்சுன்னு இப்பப் புரியுது.

– கிளப்புல சொல்லப் போறியா?

– சொல்லி எனக்கு என்ன ஆகப் போகுது? எத்தன பேர் மேலேர்ந்து விழுந்தப்ப நீங்க விடாமப் பிடிச்ச கோடு இது? அத்தன பேரும் ராத்திரி வீடு போய்ச் சேர்ந்திருக்காங்க. அதச் சொல்லிப் பீத்திக்காம, ஏறாத சுவத்தையெல்லாம் சொல்லிப் பீத்திட்டு அலையறீங்களே. நான் ஏறுறது உறுதி. விழுந்தாலும் விழுவேன். அப்ப கயிறு இந்தக் கையில இருக்கணும். வருவீங்களா, மாட்டீங்களா?

– உங்க அக்காவுக்குத் தெரியுமா?

– எது, நான் முதல்ல போறதா, நீங்க போனதே இல்லைங்கறதா?

– ரெண்டாவது.

– வீட்ல உங்க கிளவுஸத் துவைக்கறதே அவதான அத்தான்.

– டாக்டர், அப்ப இந்த அஞ்சடுக்க என்ன பண்ண? அலமாரியில திருப்பி வெச்சிடவா?

– என்னக் கேக்காதீங்க அண்ணே. சொன்னவர் நிக்கறாரு, அவரக் கேளுங்க.

– வெக்காத. எனக்கு ஒரு சைஸ் பெருசாக் குடு, உள்ள இன்னொரு மெல்லிசு போடணும். ஏறுறவளுக்கு வேர்க்கும், நிக்கறவனுக்குத்தான் குளிரும்.