ஜவ்வாதுக் கரடிகளின் சுவர்

இந்தப் பேனா நல்லா வழுக்கிக்கிட்டுப் போகுது, இன்ஸ்பெக்டர் ஐயா. நானே எழுதிடறேன், ஏட்டுக்குச் சிரமம் வேணாம். நாப்பத்தெட்டு வயசுல முதியோர் பள்ளியில கத்துக்கிட்ட எழுத்து, கோணல்மாணலாத்தான் இருக்கும்.

என் பேர் தாண்டவராயன். ஜவ்வாதுக் கரடிகள்னு மலைமேல ஒரு கூடைப்பந்து அணி இருக்கு, சம்பளத்துக்கு ஆடுறவங்க. அதுல நான் மைதானக் கூலி. தளம் பெருக்கணும், கோடு போடணும், கம்பத்துக்குக் கிரீஸ் தடவணும். அணியோட வரலாற்றைச் சுவர்ல பெயிண்டால எழுதுறதும் நான்தான், வருஷத்துக்கு ஒரு வரி. முதலாளி ஃபஹீம் பாய் வாணியம்பாடியில தோல் வியாபாரம். "நல்லதா நாலு வார்த்தை எழுதுப்பா, பொய் மட்டும் வேணாம்"னார்.

ஆறு அணி ஆடுற போட்டியில கரடிகள் எப்பவும் ஆறாவது. அதனால 2019: ‘முதல் ஆறு இடங்களுக்குள் வந்தது.’ கொரோனா வருஷம்: ‘ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை.’ என் பொண்டாட்டி பாஞ்சாலை ஒருதரம் ஆட்டம் பார்க்க வந்தா. "அந்தப் பந்து இன்னாய்யா பாவம் பண்ணுச்சு, இந்த அடி அடிக்கிறானுங்க?"ன்னு கேட்டுட்டு எழுந்து போய்ட்டா.

பந்தைக் கூடைக்குள்ள போடத் தெரிஞ்சவன் விஜயராஜ் ஒருத்தன்தான். போன மாசம் சென்னை அணி ஒண்ணு அவனைக் கூப்பிட்டுச்சு. அவன் போய்ட்டா டீமைக் கலைச்சிடுவேன்னார் பாய். கலைச்சா அந்தத் தளத்துல சாமை காயவைப்பாங்க. சுவரும் பாதியில நின்னுடும். கூலி வேலை எனக்கு எங்கயும் கிடைக்கும். எழுதுறதுக்குச் சுவர் கிடைக்காது.

கால் உடைஞ்சவனைச் சென்னைக்காரன் எடுத்துக்க மாட்டான். நான் நினைச்சது அவ்வளவுதான்.

அணியை விட்டுப் போறவன் கூடை வளையத்தைப் பிடிச்சுத் தொங்கி ஒரு போட்டோ எடுத்துக்குவான். அது எங்க பழக்கம். பதினேழு பேரை நான்தான் எடுத்தேன். விஜயராஜ் கிளம்புற அன்னிக்குக் காலையில, வளையம் மாட்டியிருக்கிற பலகையைத் தாங்குற நாலு போல்ட்ல ரெண்டைக் கழட்டினேன், ரெண்டைத் தளர்த்தினேன். மத்தவங்க சாப்பிடப் போயிருந்தாங்க.

விஜயராஜ் எகிறி வளையத்தைப் பிடிச்சான். "எடுத்தியாண்ணா?"

"இன்னும் கொஞ்சம் தொங்கு தம்பி. மூஞ்சி இருட்டா வருது."

"என் மூஞ்சியே அதாண்ணா"ன்னு சிரிச்சான்.

பலகை கால்ல விழல, மார்ல விழுந்துச்சு. மூச்சு இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப்பைக் கூப்பிட போன் என் கையிலயே இருந்துச்சு. ஆனா காலுக்கு ஒண்ணும் ஆகல. பிழைச்சா சென்னைக்குப் போய்டுவானேன்னு தோணுச்சு. மூச்சு நிக்கிறவரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். தனியா விடல.

போல்ட் துருப்பிடிச்சு விழுந்துச்சுன்னு உங்க ஆளுங்க எழுதியிருக்காங்க. மாசாமாசம் கிரீஸ் போட்டவன் நான். வரலாற்றுல பொய் வரக்கூடாதுன்னுதான் பஸ் ஏறி வந்தேன்.

அவன் பேர்லயே அணியை நடத்தறேன்னு பாய் அழுதுகிட்டே சொல்லிட்டார். இந்த வருஷ வரியை எழுதி முடிச்சிட்டேன். பெயிண்ட் காஞ்சிருக்கும், போய்ப் பாருங்க: ‘விஜயராஜ் அணியை விட்டுப் போகவில்லை.’