சேவல் பார்க்கும் திசை

அந்த நாற்காலி வேண்டாம் சார், அதுக்கு ஒரு கால் ஆடும். இப்படி சமையல் மேசைகிட்டயே உக்காருங்க. நான் பீன்ஸ் நறுக்கிக்கிட்டே பேசுறேன். எங்க வீட்டுக்காரர் இறங்கி வர எப்படியும் கால்மணி ஆகும். மாடியில தான் சேத்து வச்ச நாப்பத்தி மூணு கத்தியையும் ஒண்ணொண்ணா துணியில சுத்திக்கிட்டிருக்காரு. எங்க பொண்ணைக் கட்டிக்குடுத்து அனுப்புனப்பகூட மனுஷன் இவ்வளவு பதமா மூட்டை கட்டல.

ஆமாமா, சொன்னாரு. நாப்பத்தி மூணையும் உங்களுக்குத் தூக்கிக் குடுத்துட்டு, உங்களோட ஒரே ஒரு மடக்குக் கத்திய வாங்கிக்கப் போறாராம். காலையிலருந்து ஒரே விசில். சேவல் முத்திரை, சேவல் முத்திரை அடிச்ச கத்தின்னு இருபத்திரெண்டு வருஷமா இதே ஜபம்தான சார். என் தங்கச்சி கல்யாணத்துல மாப்பிள்ளையோட தாத்தா பழம் உரிக்கப் பையிலருந்து கத்திய எடுத்தாரு. இவரு ஓடிப்போய் அதைப் புடுங்கி லென்ஸ் வச்சுப் பாக்குறாரு. பெரியவரு பழத்தைக் கையில வச்சுக்கிட்டு முழிக்கிறாரு. எனக்கு மானம் போச்சு.

டீ ஆறுது, குடிங்க.

எனக்கா? எனக்கென்ன தெரியும், அடுப்படியில கிடக்குறவ. கான்வெண்ட்ல படிச்ச புண்ணியத்துக்கு இங்கிலீஷ் வரும், அவ்வளவுதான். பழைய கத்திகளைப் பத்தி அவரு வச்சிருக்கிற புத்தகத்துல கஷ்டமான இடமெல்லாம் நான்தான் படிச்சுச் சொல்லணும். அதுல நாலு விஷயம் காதுல ஒட்டிக்கிச்சு. காட்டுங்க பாப்போம். கையத் துடைச்சுட்டேன் சார், பயப்படாதீங்க.

ம். திறக்கும்போது நல்லாத்தான் சொடக்குப் போடுது. கைப்பிடி எலும்புன்னீங்க இல்ல? எலும்புன்னா ஊசி குத்துன மாதிரி பொடிப்பொடியா துளை தெரியணுமாம். இது வழவழன்னு சோப்புக் கட்டியாட்டம் இருக்கே. ஓ, நூறு வருஷத்துல தேஞ்சுபோச்சா. கைப்பிடி தேயுது, அலகோட அடியில அடிச்ச முத்திரை மட்டும் நேத்து அடிச்சாப்புல இருக்கு. சரி சரி. இந்தப் பழுப்பு நிறம்? வயசானதால வந்ததா. என் மேசைவிரிப்பும் இதே பழுப்புதான் சார். அதுக்கு வயசாகல, அவரு டீயக் கொட்டுனாரு.

எந்திரிக்காதீங்க, உக்காருங்க. நான் இன்னும் சேவலுக்கே வரல.

இடது பக்கம் பாக்குது. ஆமா, புத்தகத்துல இருக்கிற படத்துலயும் இடது பக்கம்தான் பாக்குது, எங்க வீட்டுக்காரருக்கு அந்தப் படமே மனப்பாடம். ஆனா அந்தப் படத்துல கத்திக்குக் கீழ ஒரு அளவுகோல் வச்சிருக்காங்களே, அதைப் பாத்தீங்களா? அதுல இருக்கிற எண்ணெல்லாம் கண்ணாடியில பாக்குற மாதிரி திரும்பிக்கிட்டு இருக்கும். அச்சடிச்சவன் படத்தையே திருப்பிப் போட்டுட்டான் சார். நிஜச் சேவல் வலது பக்கம் பாக்கும். உங்க கத்தியச் செஞ்சவன் அந்தப் புத்தகத்தை முன்னால வச்சுக்கிட்டுத்தான் செஞ்சிருக்கான். எல்லாரும் கத்தியவே பாத்தீங்க. பக்கத்துல இருந்ததை ஒருத்தரும் பாக்கல.

வேர்க்குதா? ஃபேனைப் போட்டுக்கங்க. நான் சத்தமெல்லாம் போட மாட்டேன். அவரு வந்ததும், வேற ஒருத்தருக்கு ஏற்கனவே வாக்குக் குடுத்துட்டேன், மறந்துபோச்சுன்னு சொல்லிட்டுக் கிளம்பிடுங்க. நாலு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பாரு, அது எனக்கு லீவு. ஏமாறப் பாத்தோம்னு தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சுபோயிடுவாரு.

என்ன சார் என் கையவே பாக்குறீங்க?

இந்த பீன்ஸ் நறுக்குற கத்தியா. எங்கப்பாவோடது. அவரு தபால் ஆபீஸ்ல கட்டுப் பிரிக்க வச்சிருந்தாரு. கல்யாணமானப்ப பாத்திரத்தோட பாத்திரமா என்கூட வந்துச்சு. ஆமா, வலது பக்கம்தான் பாக்குது. பரவாயில்லையே, பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சிட்டீங்க. அதே சேவல்தான். இல்ல சார், விக்கிறதுக்கில்ல.

அவருகிட்டச் சொன்னா என்னவா? சொன்னா அடுத்த நிமிஷம் அலமாரியில வச்சுப் பூட்டிடுவாரு. அப்புறம் நான் பீன்ஸை எதால நறுக்குறதாம்? தினம் இந்த மேசையில எதிர உக்காந்துதான் பேப்பர் படிக்கிறாரு. எதால நறுக்குறேன்னு என்னிக்குத் திரும்பிப் பாக்குறாரோ, அன்னிக்கே கையில குடுத்துடலாம்னு இருந்தேன். இருக்கேன்.

இருங்க, படியில இறங்குற சத்தம் கேக்குது.

வாங்க, வாங்க. சார் உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம். சொல்லுங்க சார்.

அட, அதுக்கு ஏங்க மூஞ்சி இப்படித் தொங்கிப்போகுது. வாக்குன்னா வாக்குதான, அவரு என்ன பண்ணுவாரு. போனாப் போகுது, கட்டைப் பிரிச்சு எல்லாத்தையும் அதது இடத்துல வைங்க. இப்படியா முடிச்சுப் போடுவாங்க. பல்லால கடிக்காதீங்க, போன மாசம்தான் கட்டுன பல்லு. இந்தாங்க, இதால அறுங்க. ஐயே, அலகோட அடியிலயா விரல வைப்பாங்க, கொஞ்சம் தள்ளிப் புடிங்க. ம், அப்படித்தான்.

ஆச்சா?

என்னங்க, ஏதோ கேக்க வாயெடுத்தீங்களே. கேளுங்க.

சாப்பாடா. அரைமணி ஆகும். குடுங்க இப்படி, பாதி பீன்ஸ் அப்படியே கிடக்கு.

நீங்க என்ன சார் வாயத் தொறந்துக்கிட்டுச் சிலையாட்டம் நிக்கிறீங்க? கிளம்புங்க. வாசல்ல படி ஒண்ணு உயரம், பாத்துப் போங்க.