ஓட்டை இல்லாத இடியப்ப அச்சு

பின்பக்கச் சமையலறையில் றோல்ஸ் பொரிபடும் நேரத்தில், ஒரு மண்டபம் நிறைந்த தமிழரைக் கதிரையில் இருத்தி வைப்பது எப்படி? பல காலமாக எனக்கு விடை பிடிபடாத சின்னக் கேள்வி இது.

நான் ஜெர்மனியில், கொலோன் நகரில் குடும்ப வைத்தியன். ஆட்கள் எமில் டொக்டர் என்பார்கள். எங்கள் சங்கம் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் நடத்தும் கூட்டங்களில் உடல்நலம் பற்றிப் பேசுவது என் பொறுப்பு. ஒரு விஷயம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்வதில் எனக்கு அலாதியான விருப்பம் உண்டு. பொறுமையாகச் சொல்வேன். புரியாவிட்டால் இன்னொரு தரம் சொல்வேன். கேட்பவர்களின் மூளை எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதை நான் முகத்தில் காட்டியதே இல்லை.

கடைசியாக எடுத்துக்கொண்ட விஷயம் மரபணு. முன்பு அது பெரிய ஆஸ்பத்திரிகளில் மட்டும் புழங்கியது. இப்போது என்னைப் போன்ற சாதாரண வைத்தியரின் மேசைக்கு வந்துவிட்டது. சிறு குழாயில் இரத்தம் அனுப்பினால் போதும், இந்தக் குளிசை இவருடைய உடம்பில் வேலை செய்யுமா செய்யாதா என்று பதில் வருகிறது.

ஒரு குளிசையை உதாரணமாக எடுத்தேன். இதயத்து இரத்தக்குழாய் அடைத்தால் உள்ளே சின்னக் கம்பிவலை வைப்பார்கள். அதற்குப் பெயர் ஸ்டென்ட். அதில் இரத்தம் கட்டியாகாமல் இருக்கக் குளோபிடோகிரல் என்ற குளிசை கொடுப்போம். அந்தக் குளிசை விழுங்கும்போது மருந்து அல்ல, வெறும் குழைத்த மா. ஈரல்தான் இடியப்ப உரல்போல அதைப் பிழிந்து மருந்தாக்குகிறது. பிழியும் அச்சு ஒன்று அம்மாவிடமிருந்தும், ஒன்று அப்பாவிடமிருந்தும் வருகிறது. ஓர் அச்சில் ஓட்டை இல்லாவிட்டால் மருந்து குறைவாக விழும். இரண்டிலும் ஓட்டை இல்லாதவர்கள் எங்கள் ஆட்களில் வெள்ளைக்காரரைவிட அதிகம். அவர்களுக்கு எவ்வளவு அழுத்தினாலும் விழுவது மிகச் சொற்பம்.

இதைவிடத் தெளிவாக ஒருவராலும் சொல்ல முடியாது.

முன்வரிசையில் பீலிக்ஸ் எழும்பினார். மன்னார்க்காரர். பொதிகள் பிரிக்கும் கிடங்கில் மேற்பார்வையாளர், சங்கத்தின் உபதலைவர். அவர் சிரித்தால் சங்கம் முழுக்கச் சிரிக்கும்.

"டொக்டர் தம்பி, இடியப்பம் எண்டு சொல்லிப்போட்டு இனி ஆரை இருக்கச் சொல்லுறியள்? சொதியும் கொண்டு வந்தனீங்களோ?"

மண்டபம் அதிர்ந்தது. அவர் சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியிடம் கத்தினார். "ஞானம், றோல்ஸைக் கொண்டு வா. முதல் டொக்டருக்குக் குடு. பாவம், கத்திக் களைச்சுப்போனார்."

கதிரைகள் இழுபட்டன. நான் வரைந்த ஈரலின் படம் மட்டும் திரையில் நின்றது. நானும் ஒரு றோல்ஸ் எடுத்துச் சாப்பிட்டேன். எனக்குக் கோபம் இல்லை. சட்டையில் எச்சமிட்ட புறாவோடு யாராவது கோபித்துக்கொள்வார்களா?

அதற்குச் சில மாதங்களின் பின் பீலிக்ஸுக்குப் படியேறும்போது நெஞ்சு இறுகத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து, அதே குளிசையை எழுதி, என்னிடம் அனுப்பிவைத்தார்கள். நான் மரபணுச் சோதனைக்கு இரத்தம் எடுத்தேன். என் வேலையில் நான் குறை வைப்பதில்லை. இந்த நாட்டில் அந்தச் சோதனைக்கு நோயாளியின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். முடிவை அறியாமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. அழகான சட்டம்.

"எடுங்கோ, எடுங்கோ. இடியப்பம் வருதோ எண்டு பாப்பம்" என்று கையை நீட்டினார் பீலிக்ஸ். என் உதவியாளர் சாண்ட்ராவுக்கு ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாது. அவளும் சிரித்தாள்.

முடிவு வந்தது. இரண்டு அச்சிலும் ஓட்டை இல்லை.

முதலில் எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. பாடப்புத்தகத்தில் வரைந்ததுபோல அவ்வளவு சுத்தமான முடிவு. செய்ய வேண்டியதும் சின்ன விஷயம். இந்த அச்சு தேவைப்படாத வேறு குளிசை இருக்கிறது. இதய வைத்தியருக்கு ஒரு அழைப்பு, என் கையால் ஒரு புதிய மருந்துச் சீட்டு, அவ்வளவுதான். படத்தைத் தாளில் வரைந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

பீலிக்ஸ் ஜக்கெட்டைக் கழற்றாமலே இருந்தார். "தம்பி, காரைப் பிழையான இடத்திலை விட்டிட்டு வந்தனான். சுருக்கமாச் சொல்லுங்கோ."

"இரண்டு அச்சு இருக்கெண்டு சொன்னனான் அண்ணை. அதிலை ஒண்டு அம்மாவிட்டை இருந்து..."

"ஓம், ஓம்."

"மற்றது..."

"ஓம், ஓம். பேந்தும் இடியப்பமோ?" கைத்தொலைபேசியைப் பார்த்துச் சிரித்தார்.

எங்கள் 'ஓம்' பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு தரம் சொன்னால் அது சம்மதம். மற்றவர் வசனத்தை முடிக்கும் முன் இரண்டாக அடுக்கிச் சொன்னால் 'கெதியாய் முடி' என்று அர்த்தம். தமிழ் வீட்டில் வளர்ந்த குழந்தைக்கும் இது தெரியும். ஜெர்மன்காரருக்கு இரண்டுமே 'யா'தான்.

நான் பேனையை மூடினேன். குரலை மாற்றாமல் கேட்டேன். "அப்ப முடிவைச் சொல்லாமல் விடட்டோ அண்ணை? அறியாமல் இருக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கு."

"ஓம், ஓம். நீங்கள் பாத்துச் செய்யுங்கோ. உங்களுக்குத்தானே தெரியும்." கதவடியில் நின்று திரும்பினார். "குளிசை நல்லதுதானே?"

"நல்ல குளிசை அண்ணை."

பொய் அல்ல. அது நல்ல குளிசை. முடிவைத் தெரிவிக்க முன்வந்தேன், நோயாளி அறிய விரும்பவில்லை என்று கணினியில் பதிந்தேன். ஜெர்மன் மொழியில் அதுவும் பொய் அல்ல. 'நீங்கள் பாத்துச் செய்யுங்கோ' என்றால் என்னை உங்களிடம் ஒப்படைக்கிறேன் என்று பொருள். அதற்குப் பொருத்தமான ஜெர்மன் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே பதியவில்லை.

பீலிக்ஸ் குளிசையை ஒழுங்காக எடுத்தார். தீர்ந்ததும் வருவார், நான் அதையே மறுபடி எழுதிக் கொடுப்பேன். ஒருநாள் காலையில் கிடங்கில், கதைத்துக்கொண்டு நின்றவர் ஒரு பெட்டியின் மேல் இருந்தார். பிறகு எழும்பவில்லை. ஸ்டென்டில் இரத்தம் கட்டியிருந்தது.

பீலிக்ஸின் மனைவி ஞானமலர் மகன் பென்ஜமினோடு என்னிடம் வந்தார். "அவர் ஒருநாளும் குளிசை விடேல்லை டொக்டர். நான்தான் எடுத்துக் குடுக்கிறனான். பேந்து ஏன்?"

அச்சை வரைந்து விளக்கினேன். அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. பென்ஜமின் தனக்கும் அது இருக்குமா என்று கேட்டான். நல்ல கேள்வி. தகப்பனைவிடப் பத்து மடங்கு மூளை.

"இது முந்தித் தெரியாதோ?" என்றார் ஞானமலர்.

"சொல்ல வெளிக்கிட்டனான் அக்கா. அவர் கேக்கேல்லை."

அவர் அழுதார். பிறகு என் கையைப் பிடித்தார். "அவர் அப்பிடித்தான், ஒருத்தரையும் கதைக்க விடமாட்டார். நீங்கள் குறை நினையாதேங்கோ." நான் குறை நினைக்கவில்லை என்று சொன்னேன். மன்னிப்பது எனக்குச் சிரமமான காரியம் அல்ல.

ஞானமலரின் அனுமதியோடு அடுத்த கூட்டத்தில் பீலிக்ஸின் கதையைச் சொன்னேன். அதே படம், அதே அச்சு, அதே வசனங்கள். ஒருவரும் எழும்பவில்லை. றோல்ஸ் ஆறிப்போயிற்று. பின்வரிசையில் ஆட்கள் நின்றுகொண்டே கேட்டார்கள். மறுநாள் முழுவதும் தேர்மின், அதாவது என்னைச் சந்திக்க நேரம், கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே சாண்ட்ரா களைத்துவிட்டாள். சோதித்ததில் சிலருக்கு உண்மையாகவே குளிசையை மாற்ற வேண்டியிருந்தது. அன்றைக்கே மாற்றினேன். அவர்கள் இன்று உயிரோடு இருக்கிறார்கள்.

அவருடைய பகிடிகளுக்குப் பழிவாங்கச் செய்தேன் என்று நீங்கள் நினைக்கக்கூடும். இல்லை. பீலிக்ஸ் என்னைப் பற்றிச் சொன்ன பகிடிகள் எல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட என்னைப் பாதித்ததில்லை. எனக்கு இருந்தது ஒரு கேள்வி மட்டும்தான். படம் வரைந்தும், உதாரணம் சொல்லியும், கெஞ்சியும் பார்த்தேன். எதுவும் வேலை செய்யவில்லை. எங்கள் ஆட்களைக் கேட்க வைப்பதற்கு வேலை செய்யும் வழி இதுதான்: அவர்கள் எல்லாருக்கும் பிடித்த ஒருவரைத் தெரிந்தெடுக்க வேண்டும், அவருடைய குளிசையை மாற்றாமல் விட வேண்டும்.