கால் எட்டாத எழுநூற்றைம்பது

எண்பதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை மதியம் சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டில், பிடோக் போகும் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் நாற்பதை ஒட்டிய கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்குக் கால் எட்டுச்சு. உங்களுக்குத்தான் எட்டல," என்றார் மனைவி.

"சத்தமாச் சொல்லாத லா, மேரி."

கேட்கக் கேட்கத்தான் விஷயம் புரிந்தது. ஆளுக்கொரு பழைய பைக் வைத்திருந்தார்கள். இரண்டையும் முன்பே விற்றுவிட்டு, எழுநூற்றைம்பது சிசி ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்று வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார்கள். அவர் ஏறி உட்கார்ந்ததும் பைக் சாய்ந்துவிட்டது. கடைக்காரரும் மேரியும் சேர்ந்து நிமிர்த்தினார்களாம்.

"பேசாம நானூறு எடுத்துருவோம். சீட்டு தாழ்வா இருக்கு," என்றார் கணவர்.

"பதினஞ்சு வருஷமா நானூறுக்கா ஆசைப்பட்டீங்க? மலேசியாவுல ஈப்போ வரைக்கும் போகணும்னுதானே ரெண்டு பேரும் பெரிய லைசென்ஸ் எடுத்தோம்?"

"ஓடுறப்போ ஒண்ணும் இல்ல. நிக்கிறப்போதான்."

"டவுனுக்குள்ள நான் ஓட்டுறேன். சிக்னல் இல்லாத ரோட்டுல நீங்க ஓட்டுங்க."

"ஏறுறப்போ?"

"நான் பிடிச்சுக்கிறேன்."

"இறங்குறப்போ?"

"அப்பவும் நான்தான்."



"பாக்குறவங்க சிரிப்பாங்க, மேரி."

"அவங்க சிரிக்கிறதுக்குள்ள நாம தாண்டிப் போயிருவோம்."

பஸ் இரண்டு நிறுத்தங்களைத் தாண்டியது. பிறகு அவர் எழுந்து மணியை அழுத்தினார். பிடோக் இன்னும் வெகுதூரம் இருந்தது.

"இறங்கு. கடை மூடுறதுக்குள்ள போயிரலாம்."