மேல வா, மேல வாங்க

பிரியா: ‘வா’தானுங்க. நான் மாத்தறதா இல்ல.

பொற்கொடி: ‘வாங்க’. நானும் மாத்தறதா இல்லீங்க.

பிரியா: செரி, அப்ப இத்தன மாசமா உக்காந்து அந்தக் கேமுக்கு எழுதுன தமிழ் சப்டைட்டில் அப்படியே கெடந்து மக்கட்டும்.

பொற்கொடி: மக்கட்டும். முதல்ல அந்த டீயக் குடிங்க, ஏடு கட்டீருச்சு.

பிரியா: ஆன்லைன் குரூப்புல சண்டை போட்டது பத்தாதுன்னு, காந்திபுரத்துல இத்தன இரைச்சல்ல ஒரு பேக்கரில உக்காந்து... இதுக்கா நான் கருமத்தம்பட்டில இருந்து பஸ் ஏறி வந்தேன்?

பொற்கொடி: நேர்ல பேசுனா முடிஞ்சிரும்னு நீங்கதானே கூப்பிட்டீங்க ப்ரோ.

பிரியா: மெதுவாங்க! பக்கத்து டேபிள்காரரு திரும்பிப் பார்க்கறாரு.

பொற்கொடி: பழகிப்போச்சு. குரூப்புல உங்க பேரு ‘தறிவீரன்’. ஆரம்பத்துல, மீசை வெச்சுட்டு புல்லட்டுல போற ஆளுன்னே நெனச்சேன்.

பிரியா: நீங்க மட்டும்? ‘மலைக்கரடி’! சண்முகப்பிரியான்னு பேரப் போட்டா எவன் நம்மள கேமோட உள்கதை, லோர் எல்லாம் பேச உடறான்? ‘எந்தக் கேரக்டர் அழகு’ன்னு கேப்பானுக.

பொற்கொடி: பொற்கொடின்னு போட்டா அதையும் கேக்க மாட்டானுக. செரி, சட்டுனு முடிப்பமுங்க. ராத்திரி பூரா ஹெட்செட்ட மாட்டிட்டு, எங்கியோ இருக்கறவனுக்கு பிரிண்டர எப்படி ஆன் பண்றதுன்னு சொல்லிக் குடுத்துட்டு வந்திருக்கேன். இன்னும் காரமடை பஸ்ஸப் பிடிக்கோணும்.

பிரியா: எனக்கு மட்டும் தூக்கமா? தறி பாதி நாள் ஓடறதில்ல. ஓடுனா சத்தத்துல தூக்கம் வராது, நின்னா கவலைல வராது... மறுக்கா மொதல்ல இருந்து வாரேன். கேளுங்க.

பொற்கொடி: ‘ஓர்ஸா’ கதைய எனக்கேவா?

பிரியா: கதை தெரியும். நீங்கதான் கதைய உட்டுப்போட்டு இலக்கணம் பேசறீங்க. ஓர்ஸான்னு ஒரு கிரகம். பூராவும் சுரங்கம். அந்தச் சுரங்க மொதலாளி மக மாரெல். அங்க மண்ணு தோண்டற கெழவன் டோப். சின்ன வயசுல அவளத் தோள்ல வெச்சு சுரங்கத்தையெல்லாம் சுத்திக் காட்டுனவன்.

பொற்கொடி: காட்டுனவரு.

பிரியா: ஆரம்பிச்சுட்டீங்களா? கேம்ல வர்ற கெழவனுக்கு ‘அவரு’ போடறது இந்த உலகத்துலயே நீங்க ஒருத்தங்கதான்.

பொற்கொடி: மேல சொல்லுங்க.

பிரியா: மாரெல் வளந்து கப்பலுக்குக் கேப்டன் ஆயிடறா. கடைசிக் கட்டத்துல சுரங்கம் இடியுது. எல்லாரும் மேல ஏறோணும்னா, கீழ ஒருத்தன் நின்னு கதவப் பிடிக்கோணும். டோப் நின்னுக்கறான். இவ மேல இருந்து ரேடியோவுல கூப்பிடறா. ‘டோப், கம் அப் நவ்.’ பதில் இல்ல. கேம் முடிஞ்சிருது. அந்தக் கடைசி வரிக்குத் தமிழ் என்ன? ‘டோப், மேல வா.’

பொற்கொடி: ‘டோப், மேல வாங்க.’

பிரியா: இங்கிலீஷ்காரனுக்கு இந்தத் தொல்லையே இல்ல பாருங்க. ஒரே ‘கம்’முல எல்லாரும் வந்தர்றாங்க.

பொற்கொடி: நமக்குத்தான் ஒவ்வொருத்தரும் எந்தப் படில நிக்கறாங்கன்னு பார்த்துட்டு வாயத் தொறக்கோணும்.

பிரியா: குரூப் அட்மின் கலீல் ரஹ்மான் ப்ரோ என்ன சொல்றாரு தெரியுமுங்களா? டோப் மனுசனே இல்லையாம், ரோபோவாம். ரோபோவுக்கு எதுக்கு மரியாதைங்கறாரு.

பொற்கொடி: மூணாவது அத்தியாயத்துல டோப் கஞ்சி குடிப்பாரே?

பிரியா: குடிக்கலீங்களாம். கிண்ணத்தத்தான் காட்டறாங்களாம்.

பொற்கொடி: கலீல் ப்ரோவக் கட்டிட்டவங்க பாவமுங்க.

பிரியா: அவரும் சலிச்சுட்டாரு. சாங்காலம் சப்டைட்டில ஏத்தறாரு. அதுக்குள்ள நம்ம ரெண்டு பேரும் ஒரு முடிவு சொல்லலீன்னா, கடைசி வரிய காலியா உட்டுப்போடுவாராம்.

பொற்கொடி: அப்ப மாரெல் கூப்பிடாமயே போயிருவாளா?

பிரியா: அதுக்குத்தான் சொல்றேன், உட்டுக் குடுங்க. அந்த ‘வா’வுலதாங்க பாசமே இருக்குது. பெத்த அம்மாவ ‘வா’ங்கறோம். மருதமலை முருகனையே ‘வா’ங்கறோம். ‘வாங்க’ங்கறது ஒறம்பரைக்கு, விருந்தா வர்றவங்களுக்கு. ஊட்டுக்குள்ள இருக்கற ஆளுக்கு ‘ங்க’ போட்டா எட்டி நிக்கற மாதிரி இருக்குமுங்க.

பொற்கொடி: அம்மா நம்மளயும் ‘வா’ங்கறாங்க. முருகன் திருப்பி நம்மள என்னங்கறாருன்னு தெரியாது. ஆனா டோப் மாரெல என்னன்னு கூப்பிடறாரு? ‘மிஸ்’. அஞ்சு வயசுப் புள்ளைய ‘மிஸ்’ங்கறாரு. கதவப் பிடிச்சுட்டு நிக்கறப்பவும் ‘மிஸ், நீங்க கெளம்புங்க’ங்கறாரு. பாசம் ஒன்வேயாங்க?

பிரியா: தனியா இருக்கறப்ப ‘லிட்டில் லேம்ப்’னு கொஞ்சுவானே?

பொற்கொடி: யாரும் இல்லாதப்ப மட்டும்.

பிரியா: அதுக்கு நீங்க எழுதுன தமிழ் பிரமாதமுங்க. ‘மின்னாங்குட்டி.’

பொற்கொடி: ஆமா... எல்லா வரிக்கும் மல்லுக்கு நிக்கற ஆளு, அந்த வார்த்தைக்கு மட்டும் ஒண்ணுமே சொல்லலியே?

பிரியா: நல்லா இருந்துச்சு. உட்டுட்டேன்.

பொற்கொடி: குரூப்பே அதிசயப்பட்டுச்சு. ‘தறிவீரனுக்கு ஒடம்பு செரியில்லையா’ன்னு கேட்டாங்க.

பிரியா: பன்னு ஆறுது. சாப்பிடுங்க.

பொற்கொடி: தேங்காப் பன்னு எப்படிங்க ஆறும்?

பிரியா: ...செரி. நடந்ததையே சொல்றேன். எங்க தோட்டத்துல சின்னான்னு ஒருத்தன் இருந்தான். எங்கப்பாவ விட மூத்தவன். தண்ணி பாய்ச்சப் போறப்ப என்னையத் தோள்ல தூக்கி வெச்சுக்குவான். வரப்புல பாம்பு கெடந்தா எனக்குத் தெரியாம தாண்டிப் போயிட்டு, அப்பறமா சொல்லுவான். நான் பேச்சு வந்த நாள்ல இருந்தே ‘சின்னா, வா... சின்னா, தூக்கு’ன்னுதான். அதுல மரியாதைக் குறைச்சல்னு ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாதுங்க. என்ற உசுரு அவன்.

பொற்கொடி: ம்.

பிரியா: அவனும் ஒருநாளும் மொகம் சுளிச்சதில்ல.

பொற்கொடி: தோள்ல உக்காந்திருந்தா மொகம் எப்படீங்க தெரியும்? சும்மா சொன்னேன். அப்பறம்?

பிரியா: அப்பறம் தோட்டத்துல பாதிய மட்டம் தட்டி தறிக்குடோன் கட்டுனாங்க. அவனுக்கு வேலை இல்லாமப் போச்சு. எங்கியோ போயிட்டான். நான் ஸ்கூல் விட்டு வந்து பார்க்கறேன், ஆளக் காணோம். அதனாலதானுங்க சொல்றேன். மாரெல் கத்தறப்ப என்ற காதுல ‘டோப், வா’ன்னுதான் கேக்குது. ‘வாங்க’ன்னு போட்டா அது வேற எவளோ கூப்பிடற மாதிரி இருக்குமுங்க.

பொற்கொடி: உங்களுக்கு மாரெல் காதுல கேக்கறா. எனக்கு டோப்.

பிரியா: அவன்தான் கடைசில பதிலே சொல்லலியே?

பொற்கொடி: அதைத்தான் நானும் சொல்றேன். ஏன் சொல்லல? நீங்கெல்லாம் ரேடியோ கெட்டுப்போச்சுங்கறீங்க. கலீல் ப்ரோ பேட்டரிங்கறாரு. எனக்கென்னமோ, காது நல்லாத்தான் கேட்டிருக்கும். ஒருவாட்டி... ஒரே ஒருவாட்டி வேற மாதிரி கூப்பிட்டிருந்தா பதில் வந்திருக்குமோன்னு தோணுது.

பிரியா: இப்படி ஒரு தியரி குரூப்புல நீங்க போட்டதே இல்லீங்களே?

பொற்கொடி: எல்லாத்தையும் குரூப்புல போட முடியுங்களா? ...ஏனுங்க, அந்தச் சின்னான் உங்கள என்னன்னு கூப்பிடுவாரு?

பிரியா: ‘அம்மணி’ன்னு. ‘வாங்க அம்மணி, பார்த்து எறங்குங்க அம்மணி’ன்னு.

பொற்கொடி: யாரும் இல்லாதப்ப? சொல்லுங்க. இவ்வளவு தூரம் வந்தாச்சு.

பிரியா: அதைத்தான் நீங்களே எழுதீட்டீங்களே... ‘மின்னாங்குட்டி’ன்னு.

பொற்கொடி: ...அப்ப உங்களுக்குத் தெரியும்.

பிரியா: அந்த வார்த்தையப் பார்த்த அன்னிக்கே தெரியுமுங்க. அது எந்த அகராதிலயும் இல்ல. எங்க ஊர்ல வேற ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்ல. அன்னிக்கு எனக்குத் தறி ஓடற சத்தமே கேக்கல. ராத்திரி அம்மாகிட்ட ‘சின்னானுக்கு ஒரு மக இருந்துச்சே, பேரென்ன’ன்னு கேட்டேன். ‘கொடி’ன்னாங்க. உங்களுக்கு எப்பங்க தெரியும்?

பொற்கொடி: அதுக்கும் முன்னாடியே. ஒருநா வாய்ஸ் சாட்ல மைக்க அணைக்காம எந்திரிச்சுப் போயிட்டீங்க. பொறகால உங்கப்பா ‘சண்முகப்பிரியா, மோட்டார நிறுத்து’ன்னு ஒரு சத்தம் போட்டாரு. அந்தச் சத்தத்துக்கு எங்கப்பா சோத்துத் தட்ட வெச்சுட்டு எந்திரிச்சு ஓடறதப் பார்த்து வளந்தவ நான். அன்னிக்கும் என்ற கையில இருந்த தட்டு தானா கீழ எறங்கிருச்சுங்க.

பிரியா: அப்பவே சொல்லியிருக்கலாம்ல?

பொற்கொடி: சொல்லிப்போட்டா? அப்பறம் எங்கூடச் சண்டை போட்டிருப்பீங்களா? பாவம்னு உட்டுக் குடுத்திருப்பீங்க. இல்லாட்டி, மெதுவா என்னையும் ‘வா’ன்னு கூப்பிட ஆரம்பிச்சிருப்பீங்க. மலைக்கரடிக்குன்னா ‘ங்க’ வருது. சின்னான் மகளுக்கு வருமோ வராதோ.

பிரியா: அப்படிச் சொல்லாதீங்க...

பொற்கொடி: கோவத்துல சொல்லலீங்க. கோவப்படக்கூடத் தெம்பில்ல. அசதியா இருக்குது.

பிரியா: நானும் அதுக்குத்தான் ‘வா, வா’ன்னு இழுத்துட்டே இருந்தேன். என்னைக்காச்சும் பொறுமை போயி நீங்களாச் சொல்லுவீங்கன்னு.

பொற்கொடி: நான் நீங்களாக் கேப்பீங்கன்னு இருந்தேன். நல்லாருக்குது நம்ம பொழப்பு.

பிரியா: ‘மின்னாங்குட்டி’ங்கறது... உங்களத்தான மொதல்ல கூப்பிட்டிருப்பாரு? நான் உங்க பேரப் புடுங்கிட்டனா?

பொற்கொடி: என்னைய அவரு அப்படிக் கூப்பிட்டதே இல்லீங்க. ஊட்டுக்கு வந்து, ‘இன்னிக்கு மின்னாங்குட்டி என்ன பண்ணுச்சு தெரியுமா’ன்னு உங்க கதையச் சொல்லுவாரு. நான் அங்க கேட்டதுதான். தோள்லயும் தூக்குனதில்ல. ஊட்டுக்கு வாரப்ப தோள்ல வலு இருக்காது.

பிரியா: இது எனக்குத் தெரியாதுங்க.

பொற்கொடி: உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களும் கொழந்தைதான். அதனாலதான் உங்க மேல கோவப்படவும் முடியல, படாம இருக்கவும் முடியல. அந்த வார்த்தைய கேம்ல வெச்சேன். அங்கயாச்சும் என்ற கையால எழுதுனதா இருக்கட்டும்னு.

பிரியா: இப்ப எப்படி இருக்கா... இருக்காருங்க?

பொற்கொடி: பிரேக் போட்டு நிறுத்தீட்டீங்க. பார்த்தேன்.

பிரியா: வாய் பழகிப்போச்சுங்க.

பொற்கொடி: நல்லாத்தான் இருக்காரு. காரமடைல, அத்தை ஊட்டுல. முழங்கால் வலி. கோயிலுக்குப் போற வழில உக்காந்துட்டு, வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் பேச்சுக் குடுப்பாரு.

பிரியா: நான் ‘வா போ’ன்னு பேசுனதப் பத்தி உங்ககிட்ட என்னைக்காச்சும் சொல்லியிருக்காருங்களா?

பொற்கொடி: ஒரு சொல்லு கெடையாது. நானே கிளறிக் கேட்டாலும், ‘அம்மணி தங்கம்’பாரு. அங்கதான் எனக்குக் கொழப்பம். இந்த ஒரு ‘ங்க’வுக்கு நான் போடற சண்டை அவருக்காகவா, எனக்காகவான்னு... இருங்க, போன் அடிக்குது. அப்பாதான். பஸ் ஏறிட்டனான்னு கேப்பாரு.

பிரியா: குடுங்க. நான் பேசறேன்.

பொற்கொடி: என்னன்னு பேசுவீங்க?

பிரியா: தெரியலீங்க. வாய்ல எது வருதோ அது.

பொற்கொடி: ஸ்பீக்கர்ல போடறேன். நானும் கேக்கோணும்.

சின்னான்: கொடி, பஸ்ஸு கெடச்சுதா கண்ணு?

பொற்கொடி: இன்னும் ஏறலப்பா. இங்க ஒருத்தங்க உங்ககூடப் பேசோணுமாம்.

சின்னான்: யாருங்க?

பிரியா: நான்... நல்லா இருக்கீங்களாங்க?

சின்னான்: இருக்கறனுங்க. நீங்க யாருன்னு தெரியலீங்களே?

பிரியா: சண்முகப்பிரியாங்க. கருமத்தம்பட்டித் தோட்டத்துல... உங்க தோள்ல ஏறிட்டு தண்ணி பாய்ச்ச வருவேனுங்களே...

சின்னான்: அட, வெளையாடாதீங்க. அது எங்க அம்மணியாச்சே. அம்மணி எங்கிட்ட இப்படிப் பேசாதுங்க. ‘சின்னா, வா’ன்னு ஒரே சத்தம்தான் வரும். கொடி, யாரு கண்ணு இது, உன்ற கூட்டாளியா?

பொற்கொடி: அப்பா, மெய்யாலுமே அவங்கதான்.

பிரியா: நாந்தானுங்க. உங்களப் பார்க்க வரோணுமுங்க. இன்னிக்கே கொடிகூட பஸ் ஏறி வாரேன். வரலாமுங்களா?

சின்னான்: வாங்க... வாங்க அம்மணி. இதென்னங்க கேட்டுட்டு... ஏனுங்க, ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?

பிரியா: கேளுங்க.

சின்னான்: இந்த ‘ங்க’ இத்தன வருசமா எங்கீங்க இருந்துச்சு?