பேரிக்காய்க்குப் போட்ட பூட்டு

காபியில் சர்க்கரை போடாததற்கு நன்றி. விசாரணைக் குழு என்றால் மூன்று பேர் உட்கார்ந்து முறைப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் பிஸ்கட் வேறு வைத்திருக்கிறீர்கள். புகார் கொடுத்தவள் என் மனைவி என்பதால் சங்கடப்பட வேண்டாம். எனக்கே சங்கடம் இல்லை.

அணுக்கரு உருண்டை என்று பள்ளிக்கூடத்தில் படம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நிலையில்லாத அணுக்கருக்கள் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. சில பூசணிபோலச் சப்பை, சில முட்டைபோல நீளம். அரை நொடி வாழப்போகிற ஜென்மத்துக்கு இத்தனை அலங்காரம். கண்ணால் பார்க்க வழியில்லாததால் கணினியில் கணக்குப் போட்டு இன்ன வடிவம், இன்ன அளவு என்று சொல்கிறோம். அந்தக் கணக்கைப் போடும் நிரலை எங்கள் துறையில் பராமரிப்பவன் நான். ஒப்புக்குச் சப்பாணி வேலைதான், ஆனால் சாவி என்னிடம்.

அதே துறையில் ஆய்வு செய்துகொண்டிருந்த என் மனைவி ஓர் அணுக்கருவைப் பேரிக்காய் வடிவம் என்றாள். ஒரு முனை பருத்து, மறுமுனை சிறுத்து. கணக்கில் அது வந்துவிட்டால் தூரத்து நகரத்தில் ஒரு பெரிய ஆய்வுக்கூடம் அவளுக்குத் தனிக்குழுவே தருவதாக எழுதியிருந்தது. கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டும்போது உட்காரக்கூட மறந்துவிட்டாள்.

"நீங்களும் வந்துடுங்க. அங்கயும் கம்ப்யூட்டர் இருக்கும்ல?"

எனக்கு இங்கே பதினோரு வருடமாக ஜன்னலோர நாற்காலி. மறுநாள் அவள் பயன்படுத்தும் நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன்: அணுக்கருவின் இரண்டு பாதியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கணக்கு சீக்கிரம் முடியப் பலரும் போடுகிற பூட்டுதான். போட்டால் பூசணி வரும், முட்டை வரும். தலைகீழாக நின்றாலும் பேரிக்காய் வராது. திரையில் மட்டும் 'பூட்டு இல்லை' என்று காட்டும்படி இன்னொரு வரி. ஆக, இரண்டு வரி.

பூட்டில்லாத பிரதியை என் அறையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். பேரிக்காய் அழகாக வந்தது. அவள் சொன்னது அத்தனையும் சரி. பெருமையாகத்தான் இருந்தது. மூடிவைத்துவிட்டேன்.

ஆறு வருடம். முதலில் சமன்பாட்டைச் சந்தேகப்பட்டாள், அப்புறம் கணினியை, அப்புறம் தன்னை. கருத்தரங்குக்குக் குறட்டை விட மட்டும் வருகிற எங்கள் துறைத்தலைவர் ஒருநாள் விழித்துக்கொண்டு, "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்காமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்?

அன்று வீட்டில் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"தப்பு கணக்குலயா, என் புத்தியிலயா? உண்மையச் சொல்லுங்க."

"கம்ப்யூட்டர் சொன்னதத்தாம்மா செய்யும்."

தலையாட்டிக்கொண்டாள். உரித்த கிழங்கையே மறுபடியும் உரித்தாள்.

மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனதும் நான்தான். "யாருக்கும் தெரியாத ஒரு வடிவம் இவளுக்கு மட்டும் தெரியுது டாக்டர்" என்றேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேளை தவறாமல் நானே எடுத்துக் கொடுத்தேன். கை நடுங்கத் தொடங்கியதும் ஆய்வை விட்டாள். நம் நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலைக்குச் சிபாரிசு செய்ததும் நானே. யாராவது செய்ய வேண்டுமே.

போன மாதம் எங்கோ ஒரு சோதனைக்கூடம் அதே அணுக்கருவை அளந்து, பேரிக்காய் என்று அறிவித்தது. நூலகத்துக்கு வந்த இதழில் படித்திருக்கிறாள். நேராகத் துறைக்கு வந்து பழைய நிரலைத் திறந்து, வரிவரியாகத் தேடி, பூட்டையும் அதைப் போட்ட தேதியையும் கண்டுபிடித்தாள். கடிதம் வந்த மறுநாள் தேதி. நடுங்குகிற கையை வைத்துக்கொண்டு மூன்றே மணி நேரத்தில். கெட்டிக்காரி என்று நான் எப்போதும் சொல்வேன்.

வீட்டுக்கு வந்து கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "மாத்திரையுமா?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்குக்கூட நிற்காமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எழுதிக்கொள்ளுங்கள். பூட்டைப் போட்டது நான், தெரிந்தேதான் போட்டேன், ஆறு வருடமும் திறக்கவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும்? இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அவளிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. சொன்னது திரை.

அப்புறம், அவளுடைய இப்போதைய விலாசம் உங்கள் கோப்பில் இருக்குமே? மாத்திரை டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வேளை தவறினால் அவளுக்கு ஆகாது.